பதினாறு ஆட்டம், பதினாறு தோல்வி: அமெரிக்கக் கால்பந்தில் ஒரு தோல்வி சீசனை எப்படிப் படிப்பது?

அமெரிக்கக் கால்பந்துச் செய்திகளைப் புதிதாகப் படிக்கிறவர்கள் ஒவ்வோர் அணியின் பெயருக்குப் பக்கத்திலும் 10-6, 7-9, 3-13 என்று இரண்டு எண்களைப் பார்த்திருப்பார்கள். முதல் எண் அந்த சீசனில் வென்ற ஆட்டங்கள், இரண்டாவது தோற்ற ஆட்டங்கள். ஆட்டம் சமனில் முடிவது அபூர்வம். அப்படி முடிந்தால் மூன்றாவதாக ஓர் எண் சேரும். வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக இருந்தால் அது தோல்வி சீசன். விளக்கம் இவ்வளவுதான்.

ஆனால் 3-13 என்று முடித்த இரண்டு அணிகளும் ஒரே நிலையில் இருப்பதாக நினைத்தால் ஏமாந்துபோவோம். ஒன்று அடுத்த ஆண்டே ப்ளேஆஃபுக்குப் போகலாம். இன்னொன்று பத்து வருஷமானாலும் எழுந்திருக்காமல் கிடக்கலாம். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அதற்கு நான் எடுத்துக்கொள்வது டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் 2008 சீசன். அந்த ஆண்டு அவர்களுடைய கணக்கு 0-16. என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகில் ஒரு சீசனுக்கு 16 ஆட்டங்கள் என்ற முறை 1978-ல் வந்தது. அந்த 16 ஆட்டங்களிலும் தோற்ற முதல் அணி லயன்ஸ்.

லீகின் அமைப்பு

என்எஃப்எல்-ல் 32 அணிகள். செப்டம்பரில் தொடங்கி வாரத்துக்கு ஓர் ஆட்டம். 2008-ல் ஓர் அணிக்கு 16 ஆட்டங்கள் இருந்தன. 2021 முதல் 17. ஆட்டங்கள் இவ்வளவு குறைவு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்பாலில் ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். 2024-ல் 121 ஆட்டங்களில் தோற்று மோசமான சாதனை படைத்த சிகாகோ ஒயிட் சாக்ஸ்கூட 41 ஆட்டங்களில் வென்றது. ஆட்டம் நிறைய இருந்தால் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். பதினாறே ஆட்டங்களில் அதற்கு நேரம் கிடையாது.

இங்கிலாந்துக் கால்பந்தில் பிரீமியர் லீகின் கடைசி மூன்று அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். இங்கே அது கிடையாது. நம் ஐபிஎல் போலத்தான், எவ்வளவு தோற்றாலும் அடுத்த ஆண்டு அதே லீகில் அதே இடம் உண்டு. ஆனால் இங்கே இன்னொன்றும் இருக்கிறது. தோற்ற அணியைத் தூக்கிவிடுவதற்கென்றே விதிகள் வைத்திருக்கிறார்கள்.

முதல் விதி டிராஃப்ட். கல்லூரி ஆட்டத்திலிருந்து தொழில்முறைக்கு வரும் இளம் வீரர்களை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதவாக்கில் அணிகள் தேர்ந்தெடுக்கும். ஏலம் கிடையாது, வரிசை முறைதான். போன சீசனில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. சாம்பியன் அணிக்குக் கடைசி வாய்ப்பு. இப்படி ஏழு சுற்றுகள். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த பெர்ட் பெல் கொண்டுவந்த யோசனை இது. 1936-ல் முதல் டிராஃப்ட் நடந்தது. பணமும் பேரும் உள்ள அணிகளே நல்ல வீரர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனதைத் தடுக்க வந்த ஏற்பாடு.

இரண்டாவது, சம்பள உச்சவரம்பு. 1994 முதல் ஓர் அணி தன் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு எல்லை உண்டு. 2008-ல் அது 11.6 கோடி டாலர். கோடீஸ்வர உரிமையாளர் நினைத்தாலும் அதற்கு மேல் கொட்ட முடியாது. தேசியத் தொலைக்காட்சி ஒப்பந்தப் பணத்தையும் எல்லா அணிகளும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எனவே 'நாங்கள் ஏழை அணி, அதனால் தோற்றோம்' என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த விதிகள் நிஜமாகவே வேலை செய்கின்றனவா என்றால், செய்கின்றன. மயாமி டால்பின்ஸ் 2007-ல் 1-15. ஓவர்டைமில் பால்டிமோரைத் தோற்கடித்ததுதான் அந்த ஆண்டின் ஒரே வெற்றி. அடுத்த ஆண்டு நிர்வாகம் மாறியது, பயிற்சியாளர் மாறினார், வேறோர் அணி கழற்றிவிட்ட சாட் பென்னிங்டன் குவார்ட்டர்பேக்காக (தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரராக) வந்து சேர்ந்தார். 2008-ல் 11-5 என்று முடித்து, நான்கு அணிகள் கொண்ட தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். லயன்ஸ் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் தவித்த அதே 2008-ல்தான் இது நடந்தது. ஒரே விதிகள், ஒரே உதவி. அப்புறம் டெட்ராய்ட் மட்டும் ஏன் இப்படி ஆனது?

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்

மேலே போவதற்கு முன், ஆட்டமே தெரியாதவர்களுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். களத்தில் பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. பந்தை எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளிகள். கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளிகள். தாக்கும் அணியின் ஆள் தன் சொந்த எல்லைப் பகுதிக்குள்ளேயே மாட்டிக்கொண்டாலோ, அங்கிருந்து பின்கோட்டுக்கு வெளியே போனாலோ எதிரணிக்கு 2 புள்ளிகள். அதற்கு சேஃப்டி என்று பெயர். இந்தக் கடைசி விதி பின்னால் தேவைப்படும்.

எல்லாத் தாக்குதலும் குவார்ட்டர்பேக் என்ற ஒருவரின் கையிலிருந்து தொடங்குகிறது. பந்தை யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று ஓரிரு நொடியில் அவர் முடிவெடுக்க வேண்டும். அந்த ஓரிரு நொடியை அவருக்குச் சம்பாதித்துக் கொடுப்பவர்கள் முன்னால் சுவர்போல் நிற்கும் ஐந்து தடுப்பாளர்கள். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர்கள் ரிசீவர்கள். உலகத்திலேயே சிறந்த ரிசீவர் இருந்தாலும், சுவர் இடிந்தால் பந்து அவரிடம் போய்ச் சேராது.

ஏழு வருஷ முன்கதை

லயன்ஸ் அணி 1960-களிலிருந்து ஃபோர்ட் கார் நிறுவனக் குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஹென்றி ஃபோர்டின் பேரன் வில்லியம் க்ளே ஃபோர்ட்தான் அப்போது உரிமையாளர். 2001-ல் அவர் அணியின் தலைவர், ஜெனரல் மேனேஜர் என்ற பொறுப்புகளை மாட் மில்லனிடம் கொடுத்தார். மில்லன் பெரிய ஆட்டக்காரர், மூன்று அணிகளோடு லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை நான்கு முறை வென்றவர். ஓய்வுக்குப் பிறகு தொலைக்காட்சி வர்ணனையாளராகவும் நல்ல பேர் வாங்கியவர். ஆனால் ஓர் அணிக்கு வீரர்களைத் தேர்ந்தெடுத்து, ஒப்பந்தம் பேசி, நிர்வாகம் செய்த அனுபவம் அவருக்கு இல்லை.

ஜெனரல் மேனேஜர் வேலை என்றால் முதலில் டிராஃப்ட்தான். மில்லனுக்குக் கிடைத்த வாய்ப்புகளைப் பாருங்கள். 2002-ல் மூன்றாவது இடத்தில் குவார்ட்டர்பேக் ஜோயி ஹாரிங்டன். 2003-ல் இரண்டாவது இடத்தில் ரிசீவர் சார்லஸ் ராஜர்ஸ். 2004-ல் ஏழாவது இடத்தில் ராய் வில்லியம்ஸ், அவரும் ரிசீவர். 2005-ல் பத்தாவது இடத்தில் மைக் வில்லியம்ஸ், மறுபடி ரிசீவர். 2007-ல் இரண்டாவது இடத்தில் கால்வின் ஜான்சன், மீண்டும் ரிசீவர். ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை முதல் சுற்று வாய்ப்பு ஒரே வகை ஆட்டக்காரருக்குப் போயிருக்கிறது.

ராஜர்ஸுக்கு முதல் இரண்டு சீசன்களிலும் தோள்பட்டைக் காறையெலும்பு முறிந்தது. மொத்தம் 15 ஆட்டங்களோடு அவருடைய என்எஃப்எல் வாழ்க்கை முடிந்துபோனது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. கால்வின் ஜான்சன் அபாரமான தேர்வு, பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவ வரிசையில் இடம்பெற்றவர். ஆகவே ஒவ்வொரு தேர்வையும் தனித்தனியாக எடுத்துப் பழிசொல்வது நியாயமில்லை. என் குறை வேறு. தடுப்பாளர் சுவரையும் தற்காப்பையும் கட்டாமல், பந்து பிடிப்பவர்களையே அடுக்கிக்கொண்டு போனதில் ஒரு திட்டம் தெரியவில்லை என்பதுதான்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. இதை விளக்கங்களில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 2011-க்கு முன்பு டிராஃப்டின் உச்சியில் தேர்வாகும் இளைஞருக்கு, ஓர் ஆட்டம்கூட ஆடாமலேயே, லீகின் மிகப் பெரிய சம்பளங்களில் ஒன்று கிடைத்துவிடும். 2010-ல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதி செய்யப்பட்ட தொகை மட்டும் 5 கோடி டாலர். விதி மாறிய பிறகு, 2011-ல் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்தே சுமார் 2.2 கோடிதான். அதாவது லயன்ஸ் தேர்ந்தெடுத்த காலத்தில் உயர்ந்த தேர்வு தவறினால் அடி இரண்டு மடங்கு. ஆளும் கிடைக்கவில்லை, உச்சவரம்புக்குள் இருந்த பணமும் போனது. தோற்ற அணிக்கு உதவ வந்த விதி, சரியாகத் தேர்ந்தெடுக்கத் தெரியாத அணியை இன்னும் அழுத்தியது.

2001 முதல் 2007 வரை லயன்ஸ் கணக்கு: 2-14, 3-13, 5-11, 6-10, 5-11, 3-13, 7-9. ஏழு ஆண்டும் தோல்வி சீசன்தான். மைதானத்தில் மில்லனை நீக்கச் சொல்லும் அட்டைகள் வழக்கமான காட்சியாகிவிட்டன. உரிமையாளர் அசையவில்லை. அந்த விசுவாசத்தை நல்ல குணம் என்று பாராட்டுபவர்களும் உண்டு. என்னால் முடியவில்லை. குளிரில் வந்து பணம் கொடுத்து உட்கார்ந்த ரசிகர்களுக்கும் அவர் விசுவாசமாக இருந்திருக்க வேண்டும்.

2008: வாரம் வாரமாக

சீசனுக்கு முன்னோட்ட ஆட்டங்கள் என்று சில நடக்கும். கணக்கில் சேராதவை, பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்கள் ஆடுபவை. 2008-ல் லயன்ஸ் அந்த நான்கையும் வென்றது. முன்னோட்ட ஆட்டங்களை நம்பி எதையும் முடிவுசெய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

செப்டம்பரில் நிஜ சீசன் தொடங்கியது. முதல் ஆட்டம் அட்லான்டாவில். எதிரணிக்கு மாட் ரயன் என்ற புதிய குவார்ட்டர்பேக், அந்த ஆண்டு டிராஃப்டின் மூன்றாவது தேர்வு. அவருடைய என்எஃப்எல் வாழ்க்கையின் முதல் எறிதலே 62 யார்டு டச் டவுன் ஆனது. 34-21 என்று லயன்ஸ் தோற்றது. முந்தைய ஆண்டு 4-12 என்று கிடந்த அட்லான்டா அந்த ஆண்டு 11-5. சரியான ஒரு தேர்வு என்ன செய்யும் என்பதை லயன்ஸ் முதல் நாளே எதிரே நின்று பார்த்தது.

இரண்டாவது ஆட்டம் கிரீன் பேவுடன். 21 புள்ளி பின்தங்கியிருந்து மீண்டு, கடைசிக் கால்பகுதியில் 25-24 என்று முன்னிலைக்கு வந்தார்கள். அப்புறம் அங்கேயே உடைந்துபோனார்கள். முடிவு 48-25. மூன்றாவது ஆட்டத்தில் சான் பிரான்சிஸ்கோவிடம் 31-13. உரிமையாளரின் மகன் பில் ஃபோர்ட், தன் கையில் அதிகாரம் இருந்தால் மில்லனை மாற்றிவிடுவேன் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். செப்டம்பர் 24 அன்று மில்லன் பதவியிலிருந்து போனார். அவர் காலத்தில் மொத்தம் 31 வெற்றி, 84 தோல்வி.

தலைவரை அனுப்பினாலும் அவர் சேர்த்த அணி அப்படியேதான் இருந்தது. ஐந்தாவது வாரம் சிகாகோவிடம் 34-7. முதன்மைக் குவார்ட்டர்பேக் ஜான் கிட்னா முதுகுக் காயத்தோடு சீசனை முடித்துக்கொண்டார். அவருக்குப் பதில் வந்தவர் டான் ஓர்லாவ்ஸ்கி. அவர் முதல் ஆளாகத் தொடங்கிய முதல் ஆட்டம் மினசோட்டாவில், அக்டோபர் 12.

அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதல் கால்பகுதியில் லயன்ஸ் தன் சொந்த எல்லைக்கோட்டை ஒட்டி ஒடுங்கி நின்றது. ஓர்லாவ்ஸ்கி பின்வாங்கினார். மினசோட்டாவின் ஜாரட் ஆலன் அவரை நோக்கிப் பாய்ந்து வந்தார். தப்பிக்கப் பக்கவாட்டில் ஓடிய ஓர்லாவ்ஸ்கி, எறிய ஆள் தேடிக்கொண்டே போனதில் கால் பின்கோட்டுக்கு வெளியே போனதைக் கவனிக்கவில்லை. நடுவர் விசில் ஊதினார். சேஃப்டி, மினசோட்டாவுக்கு 2 புள்ளிகள். அந்த நேரத்தில் சின்ன விஷயம்தான். ஆனால் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் மினசோட்டா ஒரு ஃபீல்டு கோல் அடித்து வென்றபோது கணக்கு 12-10. சரியாக இரண்டு புள்ளி.

இந்தக் காட்சியை அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஆண்டுக்கணக்கில் ஓட்டிச் சிரித்தன. எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. முதல்முறை தொடங்கும் ஓர் இளைஞர் எல்லைக்கோட்டு ஓரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார் என்றால், அவருக்கு முன்னால் நின்றிருக்க வேண்டிய சுவரைக் கட்டாதது யார் என்று முதலில் கேட்க வேண்டும். அந்தச் சறுக்கலைத் தவிர அன்று அவர் மோசமாக ஆடவும் இல்லை.

அடுத்து ஹூஸ்டனிடம் 28-21, வாஷிங்டனிடம் 25-17, மறுபடி சிகாகோவிடம் 27-23. மூன்றுமே எட்டு புள்ளிக்குள். இதற்கிடையில் அக்டோபரில் ராய் வில்லியம்ஸை டாலஸுக்குக் கொடுத்துவிட்டு எதிர்கால டிராஃப்ட் வாய்ப்புகளை வாங்கிக்கொண்டார்கள். இந்த ஆண்டை விட்டுவிட்டோம் என்பதற்கு அணிகள் கொடுக்கும் அறிகுறி இது. நவம்பரில் டான்டே கல்பெப்பர் என்ற குவார்ட்டர்பேக்கை அழைத்து வந்தார்கள். செப்டம்பரில் ஓய்வை அறிவித்திருந்தவர் அவர். டாம்பா பேவுடன் 17-0 என்று முன்னால் போய்விட்டு 38-20 என்று தோற்றார்கள்.

டெட்ராய்ட்டில் 1934 முதல் ஒரு வழக்கம் உண்டு. நவம்பர் மாத நன்றி நவிலும் நாளில் லயன்ஸ் சொந்த ஊரில் ஆடும், நாடு முழுவதும் விடுமுறையில் உட்கார்ந்து பார்க்கும். அந்த ஆண்டு அந்த நாளில் டென்னசியிடம் 47-10. நகரத்துக்கு அது எப்படிப்பட்ட காலம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2008 இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் அரசாங்கக் கடன் இல்லாமல் மூழ்கிவிடும் நிலையில் இருந்தன. தொழிற்சாலை வேலை நிலைக்குமா என்று தெரியாத குடும்பங்கள் டிக்கெட் வாங்க யோசித்தன. அன்றைய லீக் விதிப்படி ஆட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு இருக்கைகள் விற்றுத் தீராவிட்டால் உள்ளூர்த் தொலைக்காட்சியில் அந்த ஆட்டம் வராது. எனவே சில ஆட்டங்களைச் சொந்த நகரத்து மக்களே வீட்டில் பார்க்க முடியாமல் போனது. அந்த விதியை 2015-ல்தான் நிறுத்திவைத்தார்கள்.

டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸிடம் 42-7 என்று தோற்றது பதினைந்தாவது தோல்வி. தலைமைப் பயிற்சியாளர் ராட் மரினெல்லியின் மருமகன் ஜோ பேரிதான் தற்காப்புப் பயிற்சியாளர். ஆட்டம் முடிந்த செய்தியாளர் சந்திப்பில் ஒருவர், உங்கள் மகள் இதைவிட நல்ல தற்காப்புப் பயிற்சியாளரைக் கல்யாணம் செய்திருக்கலாமே என்று தோன்றுகிறதா என்கிற மாதிரி கேட்டார். மரினெல்லி பதில் சொல்ல மறுத்துவிட்டார். தோல்வி ஒரு கட்டத்தைத் தாண்டினால் சுற்றி இருப்பவர்களின் நாகரிகமும் கழன்றுவிடுகிறது. அந்தக் கேள்வி பலருடைய கண்டனத்துக்கு உள்ளானதில் எனக்கு நிம்மதி. டிசம்பர் 28 அன்று கிரீன் பேவில் 31-21 என்று பதினாறாவது தோல்வி. மறுநாள் மரினெல்லியின் வேலை போனது.

எண்களுக்குள் பார்த்தால்

லயன்ஸ் அந்த சீசனில் எடுத்தது 268 புள்ளிகள், கொடுத்தது 517. சராசரியாக ஆட்டத்துக்குப் பதினைந்து புள்ளிக்கு மேல் பின்தங்கல். மோசம்தான், சந்தேகமில்லை. ஆனால் எடுத்த, கொடுத்த புள்ளிகளை வைத்து ஓர் அணி எத்தனை ஆட்டம் வென்றிருக்க வேண்டும் என்று மதிப்பிட ஒரு சூத்திரம் இருக்கிறது. பேஸ்பாலுக்காக பில் ஜேம்ஸ் என்ற புள்ளிவிவர ஆய்வாளர் உருவாக்கிய இதை, அடுக்கெண்ணை 2.37 என்று மாற்றி அமெரிக்கக் கால்பந்துக்கும் பயன்படுத்துகிறார்கள். 268-ஐயும் 517-ஐயும் அதில் போட்டுப் பார்த்தால் வருவது கிட்டத்தட்ட 2.8. அதாவது இவ்வளவு பலவீனமான அணியும் சாதாரணமாக மூன்று ஆட்டங்களை வென்றிருக்க வேண்டும்.

அப்படியென்றால் 0-16 வருவதற்கு இரண்டு தேவை. முதலில் அணி நிஜமாகவே பலவீனமாக இருக்க வேண்டும். அதோடு, எட்டு புள்ளிக்குள் முடிந்த ஐந்து ஆட்டங்களும் ஒரே பக்கமாகச் சாய வேண்டும். பலவீனத்துக்குப் பொறுப்பு நிர்வாகம். மீதி மூன்று வெற்றிகள் வராமல் போனதற்கு ஓரளவு துரதிர்ஷ்டமும் காரணம். நான் 'பூஜ்யம்' என்ற எண்ணைவிட 517 என்ற எண்ணையே பயப்பட வேண்டியதாகப் பார்க்கிறேன். பூஜ்யம் ஓர் உதையில் மாறியிருக்கும். 517 மாறுவதற்கு ஆண்டுகள் ஆகும்.

அந்த அணியிலும் கால்வின் ஜான்சன் 1,331 யார்டுகள் பிடித்து 12 டச் டவுன் அடித்தார். பல குவார்ட்டர்பேக்குகள் மாறி மாறி எறிந்த பந்துகளை வைத்துக்கொண்டு செய்தது இது. தோல்வி சீசனில் எல்லோருமே மோசமாக ஆடினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

தோல்வியில் வேறு வகைகள்

2011-ல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 2-14. முந்தைய ஆண்டு 10-6. நடுவில் நடந்தது ஒன்றுதான்: குவார்ட்டர்பேக் பேய்டன் மேனிங் கழுத்து அறுவை சிகிச்சையால் அந்த ஆண்டு முழுவதும் ஆடவில்லை. அடுத்த டிராஃப்டின் முதல் தேர்வில் ஆண்ட்ரூ லக்கை எடுத்தார்கள், உடனே 11-5. இது ஒரே தூணில் நின்ற கட்டடம். தூண் விழுந்தது, வேறு தூண் வந்தது.

கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் வேறு வகை. 2016-ல் 1-15, 2017-ல் 0-16. இரண்டாவது முறையாக அந்தக் கணக்கு எழுதப்பட்டது இவர்களுக்குத்தான். இங்கே நிர்வாகம் தெரிந்தே அணியைக் கலைத்தது. கையில் இருந்த உயர்ந்த டிராஃப்ட் வாய்ப்புகளைப் பிற அணிகளுக்குக் கொடுத்து, பதிலுக்குப் பல வாய்ப்புகளைச் சேர்த்தார்கள். கணக்கில் அது நல்ல வியாபாரம். ஆனால் பிலடெல்பியா அவர்களிடம் வாங்கிய வாய்ப்பில் கார்சன் வென்ட்ஸை எடுத்தது. ஹூஸ்டன் டெஷான் வாட்சனை எடுத்தது. இருவரும் குவார்ட்டர்பேக்குகள். பிரவுன்ஸுக்கு மிஞ்சியது டெஷோன் கைசர் என்ற அனுபவமில்லாத இளைஞர். 2017-ல் அவருடைய 22 எறிதல்களை எதிரணிகள் பறித்தன. சேர்த்துவைத்த வாய்ப்புகள் பின்னால் பலன் தந்தன என்பதும் உண்மை. 2020-ல் அவர்கள் 11-5 ஆகி, ப்ளேஆஃபில் பிட்ஸ்பர்க்கைத் தோற்கடித்தார்கள். அதற்குள் திட்டம் போட்டவர் வேலையில் இல்லை.

1976-ல் 14 ஆட்டங்களிலும் தோற்ற டாம்பா பே புத்தம் புதிதாகத் தொடங்கிய அணி. அதை இந்த வரிசையில் வைத்துப் பேசுவதே சரியில்லை.

டெட்ராய்ட் மீண்டது எப்போது?

0-16-க்குப் பரிசாக 2009 டிராஃப்டின் முதல் வாய்ப்பு வந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபோர்டை எடுத்தார்கள். பழைய சம்பள முறை என்பதால் உறுதித் தொகை மட்டும் 4.17 கோடி டாலர். 2009 செப்டம்பர் 27 அன்று வாஷிங்டனை 19-14 என்று வென்றபோது தொடர்ச்சியான 19 தோல்விகள் முடிவுக்கு வந்தன. அந்த நவம்பரில் கிளீவ்லாண்டுடன் நடந்த ஆட்டத்தின் கடைசியில் ஸ்டாஃபோர்ட் தோள்பட்டைக் காயத்தோடு திரும்ப வந்து, கடிகாரம் பூஜ்யத்தில் நிற்கும்போது டச் டவுன் எறிந்து 38-37 என்று வென்று கொடுத்தார். அந்த சீசன் மொத்தமாக 2-14தான். 2011-ல் 10-6, ப்ளேஆஃப்.

நல்ல குவார்ட்டர்பேக் வந்தும் முழு அணி உருவாகவில்லை. 2011, 2014, 2016 என்று மூன்று முறை ப்ளேஆஃபுக்குப் போய் மூன்றிலும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினார்கள். 2021 தொடக்கத்தில் ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்து, பதிலுக்கு ஜாரட் காஃப் என்ற குவார்ட்டர்பேக்கையும் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளையும் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் வாங்கினார்கள். புதிய பயிற்சியாளராக வந்தவர் டான் கேம்பெல். 2008 அணியில் ஆட்டக்காரராக இருந்து, காயத்தால் சீக்கிரமே வெளியேறியவர் அவர்.

கேம்பெலின் முதல் சீசன் 3-13-1. முதல் பதினொரு ஆட்டங்களில் வெற்றியே இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் பழைய கதை. ஆனால் அந்தத் தோல்விகளில் பால்டிமோர் கடைசி நொடியில் 66 யார்டு தூரத்திலிருந்து அடித்த சாதனை உதையும் ஒன்று. எடுத்த புள்ளி 325, கொடுத்தது 467. அதே சூத்திரத்தில் போட்டால் ஐந்து வெற்றி வந்திருக்க வேண்டிய அணி. அந்த ஆண்டு டிராஃப்டில் முதல் சுற்றில் அவர்கள் எடுத்தது பெனே சூவெல் என்ற தடுப்பாளரை. இந்த முறை சுவரிலிருந்து தொடங்கினார்கள். 2022-ல் 1-6 என்று ஆரம்பித்து 9-8 என்று முடித்தார்கள். 2023-ல் 12-5. 2024 ஜனவரி 14 அன்று சொந்த மைதானமான ஃபோர்ட் ஃபீல்டில் நடந்த ப்ளேஆஃபில் ஸ்டாஃபோர்டின் ராம்ஸ் அணியையே 24-23 என்று வென்றார்கள். 1992 ஜனவரிக்குப் பிறகு லயன்ஸ் வென்ற முதல் ப்ளேஆஃப் ஆட்டம் அது. அடுத்த சீசனில் 15-2.